சீனாக்காரன் எண்ணெயும் என் பிரம்பும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் இப்போதே படியுங்கள். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வையுங்கள். கடைசியில் உங்களில் ஒருவனுக்கு ஒரு செய்தி இருக்கிறது. அதனால் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

போன வாரம் என் மகள் வயிற்றுப் பேரனுக்கு ஒரு பார்சல் வந்தது. பத்தாம் வகுப்பு படிக்கிறான். பிரித்தால் உள்ளே ஒரு கெட்டித் துணிப்பை, ஒரு பழுப்புக் குப்பி. சாயங்காலம் என் மனைவி சுண்டலுக்குப் பச்சைப்பயறு தேடினாள், டப்பா காலி. இரண்டு கிலோ பயறும் அந்தத் துணிப்பைக்குள் போயிருந்தது. பையன் அதைத் திண்ணையில் வைத்து உள்ளங்கையால் படார் படார் என்று அடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?"

"அயர்ன் பாம், தாத்தா. தினமும் அடிச்சா கை இரும்பாயிடும். அடிச்சு முடிச்சதும் இந்த மருந்தைத் தேய்க்கணும். சீனாவுல ஆயிரம் வருஷமா இருக்கு."

குப்பியை வாங்கி மூடியைத் திறந்தேன். நாட்டு மருந்துக் கடையையும் சாராயக் கடையையும் ஒரே கூரையின் கீழ் வைத்தால் என்ன வாசனை வருமோ, அந்த வாசனை. அதன் அடியில் எனக்குப் பழக்கமான இன்னொரு வாசனையும் இருந்தது. கோட்டக்குப்பத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். சைகோனிலிருந்து திரும்பி வந்தவர்கள் வீட்டுப் பீரோவைத் திறந்தால் வருமே, அதே வாசனை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். வரலாற்றுப் பாடத்தை முதலில் முடித்துவிடுவோம்.

இந்த மருந்தைக் கான்டன் பக்கத்துச் சீன மொழியில் 'தித் தா ஜாவ்' என்பார்கள். தித் என்றால் விழுவது, தா என்றால் அடிபடுவது, ஜாவ் என்றால் மது. விழுந்து அடிபட்டால் போடும் மருந்துச் சாராயம். ஒரே மருந்துக்கு உள்ள பெயர் இல்லை இது. நம்மூரில் மிளகுக் குழம்பு என்று சொன்னாலும் வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் மாறுகிற மாதிரி, அங்கே குருவுக்குக் குரு சரக்கு மாறும். ஆனால் முறை ஒன்றுதான். வேர், பட்டை, பிசின், பூ ஆகியவற்றை இடித்து, அரிசியில் வடித்த மதுவில் போட்டு, ஜாடியை மூடி, வெயில் படாத இடத்தில் வாரக்கணக்கில், சில பேர் மாதக்கணக்கில் ஊற வைப்பார்கள். பிறகு வடிகட்டிக் குப்பியில் அடைப்பார்கள். குடிப்பதற்கில்லை, மேலே தேய்க்கத்தான்.

யார் செய்தார்கள் என்பதுதான் முக்கியம். தென்சீனாவில் சண்டைப் பயிற்சி கொடுத்த ஆசிரியர்கள் பல பேர் எலும்பு கட்டும் வைத்தியர்களாகவும் இருந்தார்கள். உங்களுக்குத் தெரிந்த ஆளையே சொல்கிறேன். ஜாக்கி சான் 1978இல் 'டிரங்கன் மாஸ்டர்' படத்தில் நடித்த பாத்திரம் கற்பனை இல்லை. வோங் ஃபெய் ஹுங் என்ற நிஜ மனிதர். 1847இல் ஃபோஷான் பக்கம் பிறந்தவர். சண்டை ஆசான் என்று எத்தனை பேருக்குத் தெரியுமோ, அத்தனை பேருக்கு வைத்தியர் என்றும் தெரியும். 'போ சி லாம்' என்ற அவருடைய வைத்தியசாலை 1924இல் கான்டன் நகரில் நடந்த கலகத்தில் எரிந்துபோனது. படங்களில் அவர் உதைப்பதைத்தான் நாம் பார்த்தோம். கட்டுப் போட்டதைப் பார்க்கவில்லை.

இது நமக்குப் புதுசா? கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் போனால் அடிமுறை ஆசான்கள் இருக்கிறார்கள். வர்மம் நூற்றெட்டு என்பது அவர்கள் கணக்கு. படுவர்மம் 12, தொடுவர்மம் 96. எங்கே தட்டினால் ஆள் விழுவான் என்று தெரிந்தவர் எவரோ, அவரே விழுந்தவனை எழுப்பும் இளக்குமுறையையும் தெரிந்து வைத்திருப்பார். வீட்டுப் பின்கட்டில் எண்ணெய் காய்ச்சுவார். சீனாக்காரர் மதுவில் ஊற வைத்ததை இவர்கள் நல்லெண்ணெயிலும் ஆமணக்கெண்ணெயிலும் காய்ச்சினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எலும்பு வைத்தியத்துக்கு வட தமிழ்நாட்டுக்காரர்களான நாம் புத்தூர் கட்டுக்கு ஓடினோம். ஆனால் அந்த வைத்தியர்கள் சண்டை கற்றுக்கொடுப்பவர்கள் இல்லை. அடியும் மருந்தும் ஒரே கையில் இருந்தது என்ற வகையில், சீன ஆசானுக்கு உண்மையான பங்காளி நம் தென்கோடி ஆசான்தான்.

இனி கைப்பயிற்சி. பேரன் சொன்ன 'இரும்பு உள்ளங்கை' சீனாவில் நிஜமாகவே உள்ள பயிற்சி. இதில் பெரும் பெயர் எடுத்தவர் கு ருஜாங். 1894இல் பிறந்தவர், 1952இல் இறந்தவர். வடக்கிலிருந்து 1929 வாக்கில் கான்டனுக்கு வந்து சொல்லிக்கொடுத்தார். அடுக்கிய செங்கற்களை உள்ளங்கையால் உடைத்து நிற்கும் அவருடைய புகைப்படம் இன்றைக்கும் உலகம் சுற்றுகிறது. அதைப் பார்த்துத்தான் பையன்கள் பையை அடிக்கிறார்கள். அந்தப் படத்துக்குப் பின்னால் எத்தனை வருஷம் என்பது படத்தில் தெரியாது.

முறை இப்படி. முதலில் பயறு நிரப்பிய பை. பல மாதம் கழித்துக் கூழாங்கல் பை. அதற்கப்புறம்தான் இரும்புக் குண்டு. ஓங்கி அடிக்கக் கூடாது, கையைத் தளர விட்டு, அதன் எடையிலேயே விழ விட வேண்டும். அடிப்பதற்கு முன்னும் மருந்து, பின்னும் மருந்து. தேய்ப்பது என்றால் சட்டையில் சென்ட் தெளிக்கிற மாதிரி இல்லை. ஒவ்வொரு விரலாக, ஒவ்வொரு கணுவாக, மணிக்கட்டு வரைக்கும் சூடு பறக்கத் தேய்க்க வேண்டும். வலித்தால் அன்றைக்கு விடுமுறை.

இந்தத் தாமதத்துக்குக் காரணம் உண்டு. எலும்பு தன் மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். ஆனால் அது மெதுவாக நடக்கிற வேலை. பாரம் வர வேண்டும், அப்புறம் ஓய்வு வர வேண்டும், ஓய்வில்தான் எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ளும். ஓய்வில்லாமல் அடித்தால் பலப்படுவதற்குப் பதில் விரிசல் விடும். பழைய ஆசானுக்கு வோல்ஃபைத் தெரியாது. ஆனால் கால் மணி நேரம் உட்கார்ந்து மருந்து தேய்த்தே ஆக வேண்டும் என்று அவர் விதி வைத்தபோது, பையனுக்குக் கட்டாய ஓய்வு கொடுத்தார். கூடவே அவன் கையைத் தினமும் தொட்டுப் பார்த்தார். எங்கே வீங்கியிருக்கிறது, எங்கே தொட்டால் பையன் முகம் சுளிக்கிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். அந்த மருந்தில் பாதிக் குணம் இதில்தான் இருந்தது என்பது என் எண்ணம்.

மீதிப் பாதி குப்பிக்குள். பேரன் குப்பியின் சீட்டில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தோம். அப்போதுதான் எனக்கு ஆச்சரியம். சீன மருந்து என்று நினைத்ததில் முக்கியமான இரண்டு சரக்கு சீனாவிலேயே விளையாது.

ஒன்று குந்திரிக்கம், மாதா கோவில்களில் புகைப்பார்களே, அந்தப் பிசின். இன்னொன்று வெள்ளைப்போளம். இயேசு பாலனுக்கு ஞானிகள் மூவர் கொண்டுவந்த காணிக்கையில் பொன் போக மற்ற இரண்டும் இவைதான். பழங்காலத்தில் இவை வந்ததெல்லாம் அரேபியாவின் தென்கரையிலிருந்தும் சோமாலியாவிலிருந்தும். அங்கிருந்து சீனாவுக்குக் கடல் வழியாகப் போக வேண்டும் என்றால் நடுவில் எந்த நாடு குறுக்கே நிற்கிறது? வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். எட்டாம் வகுப்பில் உங்களை வரையச் சொன்னேனே, அதே படம்தான்.

சோழர் தூது 1015இல் சீன அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது. ராஜராஜன் அனுப்பியது. அவர்கள் கொண்டுபோன காணிக்கையைச் சீனர்கள் கணக்காக எழுதி வைத்தார்கள். முத்து, 60 யானைத் தந்தம், 60 ஜின் குந்திரிக்கம். ஒரு ஜின் என்பது அரைக் கிலோவுக்குச் சற்று மேல். அரபு நாட்டுப் பிசினைச் சோழ தூதர் சீனச் சக்கரவர்த்திக்குக் கொடுக்கிறார் என்றால், அந்தச் சரக்கு நம் துறைமுகங்களில் கை மாறியிருக்கிறது என்று பொருள். 1077இல் இன்னொரு தூது, அதில் 72 பேர். சீனத் துறைமுகமான சுவான்சோவில் 1281இல் தமிழர்கள் சிவன் கோவில் கட்டித் தமிழில் கல்வெட்டும் வெட்டினார்கள். அதே ஊரின் கடற்கரைச் சேற்றிலிருந்து 1974இல் அந்தக் காலத்துக் கப்பல் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். உள்ளே வாசனைக் கட்டைகள், மிளகு, குந்திரிக்கம்.

நம் பக்கமும் சும்மா இல்லை. சங்க காலத்து எயிற்பட்டினம் நம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமாபுரி மண்பாண்டங்களை எடுத்துக் காட்டினார். இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது கோட்டக்குப்பம். சரக்கு வருவதும் போவதும் இந்தக் கரைக்குப் பழக்கம்.

திரும்பி வந்த சரக்கும் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் 'ரேவல்சின்னி' என்று ஒரு கிழங்கு கேட்டிருப்பீர்கள். தித் தா ஜாவிலும் அந்த இனத்தைப் போடுகிறார்கள். அந்தச் 'சின்னி' வேறொன்றும் இல்லை, சீனாவேதான். பாரசீகக்காரர் வைத்த பெயர் நம் கடைக்காரர் வாயில் அப்படியே நின்றுவிட்டது.

இந்த இடத்தில் என் உறவுக்காரத் தம்பிகள் சிலர், "அண்ணே, சண்டைக் கலையையே சீனாவுக்குக் கொடுத்தது நம்ம காஞ்சிபுரம் போதிதர்மர்தானே, 'ஏழாம் அறிவு' பாக்கலையா?" என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பிலும் மாதம் ஒரு முறை வருகிறது. படம் பார்த்தேன். பெருமையாகவும் இருந்தது. ஆனால் வாத்தியார் வேலை பார்த்தவன் சான்று கேட்காமல் இருக்க முடியாது. போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு 547ஐ ஒட்டி எழுதப்பட்டது. அது அவரைப் பாரசீகர் என்கிறது. கொஞ்சம் பிந்திய குறிப்பு தென்னிந்தியர் என்கிறது. காஞ்சிபுரம் என்பது பின்னால் வந்த மரபு. இரண்டு பழைய குறிப்பிலும் அவர் தியானம் செய்த துறவி. சண்டை சொல்லிக்கொடுத்ததாக ஒரு சொல் இல்லை. அந்தக் கதைக்கு வேர் 'யி ஜின் ஜிங்' என்ற நூல், தசைநார்களை மாற்றும் நூல் என்று பொருள். அதன் முன்னுரையில் 628 என்று தேதி போட்டிருக்கிறது. ஆனால் நூல் 1624ஐ ஒட்டி எழுதப்பட்டது, முன்னுரை போலி என்று சீன அறிஞர்களே காட்டிவிட்டார்கள். ஆக அந்தப் பெருமையை நாம் சற்று இறக்கி வைப்பது நல்லது. நமக்கு உண்மையான பெருமையே போதுமான அளவு இருக்கிறது.

நூல் போலித் தேதி போட்டதே தவிர, உள்ளே உள்ள கைப்பயிற்சிக் குறிப்பு அருமையானது. கையை முதலில் வெதுவெதுப்பான நீரில் கழுவு, பிறகு சூடான நீரில், பிறகு நன்கு சூடான நீரில். துடைக்காதே, உதறி உதறி உலர விடு. கறுப்புப் பயறும் பச்சைப்பயறும் கலந்து தொட்டியில் போட்டு அதற்குள் கையைக் குத்து. உடம்பைக் கழுவ ஒரு கஷாயமும் சொல்கிறது. அதில் இரண்டே சரக்கு. ஒன்று, இப்போது கோஜி பெர்ரி என்று விற்கிறார்களே, அந்தச் செடியின் வேர்ப்பட்டை. இன்னொன்று உப்பு. சமையல் உப்பு. உப்பு கெட்டிப்பட்டதை இளக்கும் என்பது அவர்கள் கணக்கு.

இதைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் அப்பா மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்தவர். தை பிறந்தால் பாத்தி மிதிக்கப் போவார். அதற்கப்புறம் மழை வரும் வரைக்கும் உப்பு வாரும் பலகைதான். அவர் உள்ளங்கை ஆமை ஓடு மாதிரி இருக்கும். எங்கள் கன்னத்தைத் தடவினால் எரியும். அதனால் புறங்கையால்தான் தடவுவார். உப்பு கெட்டியை இளக்கும் என்று எழுதிய சீனப் பெரியவர் மரக்காணத்துக்கு வந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார். ராத்திரி அம்மா விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி அவர் கை வெடிப்பில் விட்டுத் தேய்ப்பாள். அதுதான் எங்கள் வீட்டுத் தித் தா ஜாவ். கை இரும்பாக வேண்டும் என்று அவர் ஆசைப்படவில்லை. எங்களுக்குச் சோறு வேண்டும் என்று ஆசைப்பட்டார், கை தானாக இரும்பாகிவிட்டது. என் பிள்ளை கை இப்படி ஆகக் கூடாது என்றுதான் என்னை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பினார்.

சரி, சைகோன் பீரோவுக்கு வருகிறேன். புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம் இருந்த காலத்தில் இந்தக் கரையிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் இந்தோசீனாவுக்குப் போயின. சைகோன் நடுவில் தமிழர் கோவிலும் உண்டு, தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பெரிய பள்ளிவாசலும் உண்டு. அங்கே சோலோன் என்ற சீனர் பேட்டையில் 'நி தியன் துவோங்' என்று ஒரு மருந்துக்கடை. அதன் எண்ணெய்க் குப்பி அந்த நாடு முழுக்கப் பிரபலம். அந்தக் கடையின் பெயரில் சைகோனில் ஒரு பாலமே இருக்கிறது. மலாயா, சிங்கப்பூர் போனவர்களுக்கு வேறு குப்பிகள். கோடாலித் தைலம் 1928இல் சிங்கப்பூரில் தொடங்கிய கம்பெனியின் சரக்கு. டைகர் பாமின் கதை ரங்கூனில் தொடங்குகிறது. ஔ சு கின் என்ற சீன வைத்தியர் அங்கே கடை வைத்திருந்தார். அவர் மகன்கள் அதைப் பெருக்கி 1926இல் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனார்கள். ஒருவர் பெயரில் புலி, ஒருவர் பெயரில் சிறுத்தை. டப்பாவில் இருக்கிற புலி அந்த அண்ணன்தான். நாமும் பின்தங்கவில்லை. நாகேஸ்வர ராவ் பந்துலு 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தொடங்கினார். பிறகு அது சென்னைக்கு வந்து நம் வீட்டு மஞ்சள் டப்பா ஆயிற்று.

இந்தத் தைலங்களும் தித் தா ஜாவும் ஒன்றில்லை. தைலத்தில் கற்பூரம், மென்தால், கிராம்பெண்ணெய் போன்றவைதான் வேலை செய்கின்றன. தோலில் குளிர்ச்சியோ எரிச்சலோ கிளப்பி உள்வலியை மறக்கடிக்கும். ஜாடி மருந்து கன்றிப்போன ரத்தத்தைக் கலைக்கும் என்று நம்பிச் செய்தது. ஆனால் நம் ஊரில் எல்லாமே 'சீனாக்காரன் எண்ணெய்'தான். மூக்கடைப்பு, வயிற்றுவலி, முழங்கால் எல்லாவற்றுக்கும் ஒரே குப்பி.

இப்போது எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று சொல்கிறேன்.

1980களின் நடுப்பகுதி. நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம். புரூஸ் லீ 1973லேயே இறந்துவிட்டார். ஆனால் அவர் படமும் ஷாலின் படங்களும் புதுச்சேரிக் கொட்டகைகளில் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பையன்கள் எல்லாம் கராத்தே பைத்தியம். பள்ளிக்கூடத்துப் பின்னால் பூவரச மரத்தில் சிமென்ட் சாக்கில் மணல் ரொப்பிக் கட்டி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் குத்துவார்கள். சாக்கு கிழிந்தால் சுவர். ஒரு நாள் நான்கு பேரைப் பிடித்தேன். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து கிடந்தது. "கையை இப்படிக் கெடுத்துக்கிறீங்களேடா" என்று கோபம் வந்தது. கோபம் வந்ததும் என்ன செய்தேன்?

"கையை நீட்டு."

கை கெட்டுப்போகிறதே என்ற கவலையில் அதே கையில் பிரம்பால் அடித்தேன். ஆளுக்கு நான்கு. மூன்று பேர் கையை உதறிக்கொண்டு போனார்கள். நான்காவது பையன் அசையாமல் நின்றான். ஷாலின் படத்தில் அப்படித்தானே நிற்பார்கள். அழவில்லை என்பதற்காக அவனுக்கு மட்டும் இரண்டு கூடுதலாகக் கொடுத்தேன். அதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் அவனுடைய பாட்டி வந்தார். சைகோனில் பாதி வாழ்க்கை வாழ்ந்தவர். சண்டை போட வருகிறார் என்று நானும் தயாராக நின்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. இடுப்பிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

"வாத்தியாரே, புள்ள தப்பு செஞ்சான், அடிச்சீங்க. நான் கேக்க வரல. சைகோன்ல எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு சீன வாத்தியார் இருந்தாரு. பையனுங்கள அடி அடின்னு அடிக்க விடுவாரு. பொழுது சாய்ஞ்சா வரிசையா உக்கார வச்சு, ஒவ்வொருத்தன் கையையும் அவரே எடுத்து எண்ணெய் தேய்ப்பாரு. கத்துக் கொடுக்கிறவன் கைதான் தேய்க்கணும்னு சொல்வாரு. இந்தாங்க. அடிச்ச கையாலயே கொஞ்சம் தேச்சு விட்டுடுங்க."

பையன் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். வலது கையை இடது கையால் பிடித்திருந்தான்.

நான் தேய்த்துவிடவில்லை. வாத்தியார் மாணவனுக்கு எண்ணெய் தேய்ப்பதா என்று ஒரு திமிர். "சரி பாட்டி, போங்க, பார்த்துக்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். குப்பி மேசை இழுப்பறையில் கிடந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் சைக்கிளில் விழுந்து எனக்கு முழங்கால் வீங்கியபோது, அந்த எண்ணெயை எனக்கே போட்டுத் தீர்த்தேன்.

பள்ளியில் பிரம்படிக்கு இடம் கொடுத்த விதியைத் தமிழ்நாடு அரசு 2003இல் நீக்கியது. 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நாடு முழுக்கத் தடை போட்டது. அதற்கு முன்பே நான் பிரம்பை விட்டுவிட்டேன் என்று உங்களில் பலர் சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் சட்டம் வந்து நான் விடவில்லை, மனம் திருந்தியும் ஒரே நாளில் விடவில்லை. அந்தப் பாட்டியின் சொல் முள் மாதிரி உள்ளே இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக விட வைத்தது.

இந்த வாரம் சீன வரலாற்றைப் புரட்டியபோதுதான் அவர் சொன்னதன் முழு அர்த்தம் எனக்குப் புரிந்தது. போ சி லாமில் கட்டுப் போட்டவரும், குமரி மாவட்டத்தில் இளக்குமுறை தெரிந்த ஆசானும், சோலோன் பக்கத்தில் எண்ணெய் தேய்த்த அந்தப் பெயர் தெரியாத ஆளும் ஒரே விதியின் கீழ் இருந்தார்கள். அடிக்கக் கற்றுக்கொடுக்க உரிமை வேண்டும் என்றால் ஆற்றவும் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு ஆசிரியப் பயிற்சியில் கரும்பலகையில் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள், பாடக்குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். இதைக் கற்றுக்கொடுக்க ஒரு பாட்டி வந்தார். நான் படிக்கவில்லை.

வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு நாலு வார்த்தை. இந்த ஜாடி மருந்துகளில் சிலவற்றில் நாபி இனத்து வேர் சேரும். நம் சித்த வைத்தியர்கள் சுத்தி செய்யாமல் தொடவே மாட்டார்கள். இதயத்தைத் தாக்கும் விஷம் அது. ஹாங்காங்கில் அந்த வேரால் நஞ்சேறி மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதனால் மருந்து வாயில் படக் கூடாது, குழந்தைகளுக்கு எட்டக் கூடாது, தோல் கிழிந்த இடத்தில் போடக் கூடாது. தேய்த்த கையைக் கழுவாமல் சாப்பிட உட்காரவும் கூடாது. என்ன சேர்த்தார்கள் என்று சீட்டில் இல்லாத குப்பியை வாங்கவே வேண்டாம். வீக்கம் வடியவில்லை, விரல் மடங்கவில்லை என்றால் எண்ணெய் போட்டுக் காத்திருக்காமல் எக்ஸ்ரே எடுங்கள். வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் குருத்தெலும்பு இன்னும் இறுகாமல் இருக்கும். அங்கே அடி விழுந்தால் எலும்பின் வளர்ச்சியே கோணிவிடலாம். இரும்புக் கை வேண்டும் என்றால் வளர்ச்சி முடிந்த பிறகு, நேரில் கையைத் தொட்டுப் பார்க்கிற ஆசானிடம் போகட்டும். வீடியோவில் வருகிற ஆசானால் கையைத் தொட்டுப் பார்க்க முடியாது.

பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஆனால் கையை நீட்டச் சொன்னபோது நீட்டினான். சுண்டுவிரல் முட்டி வீங்கியிருந்தது. குப்பியை எடுத்து மேலே வைத்துவிட்டு, அவன் பாட்டி விளக்கெண்ணெய் சூடு பண்ணிக் கொண்டுவந்தாள். நானே தேய்த்தேன். கால் மணி நேரம். மறுநாள் புதுச்சேரிக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தோம், முறிவு இல்லை. பச்சைப்பயறு டப்பாவுக்குத் திரும்பிவிட்டது, கொஞ்சம் நொறுங்கி.

இனி அந்த நான்காவது பையனுக்கு. உன் பெயரை இங்கே போட மாட்டேன். நீ இப்போது பிரான்சில் இருக்கிறாய், பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது, என் பதிவுகளுக்கெல்லாம் விருப்பக்குறி போடுகிறாய் என்பது தெரியும். நீ அதை மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. உன் பாட்டியிடம் சொல்ல வேண்டியதை அவர் இருக்கும்போது சொல்லவில்லை, அதனால் உன்னிடம் சொல்கிறேன். அந்தக் கடைசி இரண்டு அடிக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அடுத்த முறை ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வா. எண்ணெய் இங்கே இருக்கிறது.

மற்றவர்களும் உங்கள் வீட்டில் சைகோன், மலேயா, ரங்கூன் காலத்து எண்ணெய்க் குப்பி எதுவும் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். காலியாக இருந்தாலும் பரவாயில்லை, சீட்டு போதும்.

அன்புடன்,
உங்கள் சார்